அவள் கையிலிருந்த தட்டு

இடது மார்பில் வயிறு நிறையாத புரூனோவை வலது பக்கம் மாற்றியபோது, அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

ஐந்து மாதக் குழந்தை. பசி வந்தால் வீட்டையே இரண்டாக்கிவிடுவான். இன்று அழக்கூட இல்லை. உதட்டை இறுக மூடிக்கொண்டு, கழுத்தை வளைத்து, கூரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதற்கு மேலே, மாடியில்தான் குடும்பப் படங்கள் மாட்டிய கூடம்.

சளி பிடித்திருக்கும் என்று லியோக்காடியா நினைத்தாள். பிறகு விரலால் அமுக்கிப் பார்த்தாள். ஒரு சொட்டு வரவில்லை. கனமும் இல்லை, வலியும் இல்லை. மேலே கம்பளிச் சால்வை, காலடியில் ஆலிவ் கொட்டைக் கரி கனலும் கணப்பு. அப்படியிருந்தும் அந்த ஒரு மார்பு மட்டும் கழுவிக் கவிழ்த்த பீங்கான் கிண்ணம்போலச் சில்லென்றிருந்தது.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மாடிக்குப் போனாள்.

செவில்யாவில் மழை விடாமல் பெய்துகொண்டிருந்த பிப்ரவரி அது. ஆறு பெருகிப் படகுப்பாலத்தை அறுத்துக்கொண்டு போயிருந்தது. அக்கரையில் திரியானாவில் இருந்த அவள் அப்பாவின் ஓடு சுடும் சூளைக்குப் போக வழியில்லை. முற்றத்து நாரத்தை மரங்களிலிருந்து பழங்கள் ஒவ்வொன்றாகக் கல்தரையில் விழும் சத்தம் மாடிப்படியிலும் கேட்டது. மதிய உறக்க நேரம் என்பதால் ஜன்னல் கதவுகளெல்லாம் சாத்தியிருந்தன. கூடத்தின் இருட்டில் ஆளிவிதை எண்ணெய் வாசம் நின்றது. அதற்கு அடியில் இன்னொரு வாசம் மெல்லியதாக, திரிந்த பால்போல.

ஜன்னலை ஒரு விரற்கடை திறந்தாள். வெளிச்சம் கோடாக விழுந்தது.

இந்த வீட்டு மருமகள்கள் எல்லோரும் அந்தச் சுவரில் இருந்தார்கள். முதல் பிள்ளை பிறந்ததும் மருமகளை ஒரு வேதசாட்சியாக, கிறிஸ்துவுக்காக உயிர்விட்ட ஒரு புனிதையாக, வரைந்து மாட்டுவது இங்கே வழக்கம். நகரத்துப் பெரிய வீடுகளில் பலரும் செய்வதுதான். முகம் மருமகளுடையது, பட்டும் நகையும் அவளுடையவை, கையில் ஏந்தியிருப்பது மட்டும் புனிதையுடையது, அவள் பட்ட வதையின் அடையாளம். புனிதையைப் புருஷன் தேர்ந்தெடுப்பான். மருமகளிடம் சொல்லமாட்டான். ஓவியர் முகத்தை முதலில் வரைவார், கைப்பொருளைக் கடைசியில்.

மாமியார் மென்சியா புனித அப்பலோனியாவாக நின்றாள், கையில் குறடு, குறட்டின் நுனியில் ஒரு பல். மூத்த மருமகள் வியோலாந்தே புனித லூசியா. அவள் ஏந்திய வெள்ளித் தட்டில் இரண்டு கண்கள் பார்த்துக்கொண்டிருந்தன.

மூன்றாவது படம் லியோக்காடியாவுடையது. செம்பட்டு, நீலப் போர்வை, கையில் தட்டு. நேற்று மாலைவரை அந்தத் தட்டு வெறுமையாக இருந்தது.

இன்று அதில் இரண்டு உருண்டைகள். ஒன்று வெறும் சாம்பல்நிறக் கோடு. மற்றொன்று முடிந்திருந்தது. வெளிறிய தசை நிறம், மேலே சிவந்த நுனி.

அது யார் என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. மார்பறுபட்ட புனித ஆகத்தா. நாளைதான் அவள் திருநாள்.

தோளில் புரூனோ நெளிந்தான். படத்தை நோக்கி வாயைத் திறந்தான்.

*

இரவுச் சாப்பாட்டில் அவள் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. அவள் புருஷன் தெல்லோதான் ஆரம்பித்தான். கொண்டைக்கடலைக் குழம்பில் கிடந்த பன்றிக்கொழுப்பைக் கத்திநுனியால் ஒதுக்கிக்கொண்டே, தட்டைப் பார்த்தபடி சொன்னான்.

"பால் குடுக்க ஒருத்தியை ஏற்பாடு பண்ணிட்டேன். நாளைக்கு வந்துடுவா."

"எதுக்கு? என் பிள்ளைக்கு நானே குடுக்கிறேன்னு பிறந்த அன்னிக்கே சொன்னேனே."

"அதான் வலது பக்கம் வத்திப்போச்சே."

அவள் கையிலிருந்த ரொட்டி நின்றது.

"உங்களுக்கு யார் சொன்னது?"

தெல்லோ சிரித்தான். நல்ல சிரிப்பு. அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் அவள் ஆற்றைத் தாண்டி இந்த வீட்டுக்கு வந்தாள். "இந்த வீட்டுப் பொம்பளைங்க மாரைத் திறந்து உக்காந்து பால் குடுக்கிறதில்ல, லியோக்கா. அது அக்கரைக் குயவன் வீட்டுப் பழக்கம். எத்தனை தடவைதான் வாயால சொல்றது?"

மாமியார் குழம்பில் ரொட்டியை ஊறவைத்து ஈறால் குதப்பிக்கொண்டிருந்தாள். அவள் வாயில் ஒரு பல்கூட இல்லை.

"எதிர்த்துப் பேசாதடி," என்றாள். "நானும் பேசினவதான். இவன் அப்பா ஒரு சொல் சொன்னா நான் பத்து சொல்லுவேன். படம் முடிஞ்ச வாரம் முதல் பல்லு விழுந்துது. அடுத்த தவக்காலத்துக்குள்ள ஒண்ணும் மிச்சமில்ல. வாயைத் திறந்தா வேலைக்காரி கூட சிரிச்சா. பேச்சை விட்டுட்டேன். அப்புறம் குடும்பம் எவ்வளவு நிம்மதியா இருந்துது தெரியுமா?"

"நிம்மதி யாருக்கு, அத்தை?"

மாமியார் குதப்புவதை நிறுத்தினாள்.

சாப்பாடு முடிந்ததும் லியோக்காடியா நேராக ஓரகத்தியின் அறைக்குப் போனாள். வியோலாந்தே இருட்டில் ஜெபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்கு விளக்குத் தேவையில்லை. அவள் புருஷன், தெல்லோவின் அண்ணன், மேற்கே கடல் கடந்து புதிய உலகத் தீவுகளுக்குப் போய்த் திரும்பவே இல்லை.

"வா. நடையே சொல்லுது, நீ தட்டைப் பாத்துட்டன்னு. என்ன வச்சிருக்கான்?"

"ஆகத்தா."

வியோலாந்தே உச்சுக்கொட்டினாள். "பாவி. எனக்குக் கண்ணு, உனக்கு அது. எது தொந்தரவோ அதைத்தானே எடுக்கிறானுங்க. நான் பாக்கக்கூடாததைப் பாத்துட்டேன், துணி வைக்கிற அறையில, என் புருஷனையும் ஒருத்தியையும். அன்னிக்கே ஓவியருக்கு ஆள் போச்சு."

"அக்கா, நான் அந்தப் படத்தைக் கொளுத்திடறேன்."

கை சட்டென்று அவள் மணிக்கட்டைப் பிடித்தது. எலும்புக்கை.

"செய்யாதே. என் முகத்தைத் தொட்டுப் பாரு."

லியோக்காடியா தொட்டாள். கண்குழிகளின் குறுக்கே, மூக்குத்தண்டின்மேல், நேர்கோடாக ஒரு தழும்பு ஓடியது.

"கண்ணு மங்கிட்டே வந்துச்சு. கோபத்துல கத்தியெடுத்துப் படத்தைக் கிழிச்சேன், கண்ணுக்குக் குறுக்கே. கிழிசலைத் தைச்சுட்டாங்க, படத்துல. என் முகத்தைத் தைக்க ஆளில்ல. அது மேல என்ன செய்யறியோ அது உன் மேல நடக்கும். நல்லா மனசுல வச்சுக்கோ."

*

விடிவதற்கு முன் அவள் கண் விழித்தபோது இடது மார்பும் பாதி குளிர்ந்திருந்தது.

இரவு முழுக்க ஒரே எண்ணம்தான். அழிக்கக்கூடாது. சரி. சேர்க்கலாமே? சிறுமியாக அப்பாவின் பட்டறையில் ஓடுகளுக்குப் பூ வரைந்தவள் அவள். புனித கசில்தாவின் ரோஜாக்களைக் கண்ணை மூடிக்கொண்டு போடுவாள். கைதிகளுக்கு ரொட்டி ஒளித்துக்கொண்டு போன அரசகுமாரி; அப்பன் வழிமறித்தபோது மடியில் ரொட்டியெல்லாம் ரோஜாவாகிவிட்டது. யாரும் அவளை அறுக்கவில்லை, பிடுங்கவில்லை. வயதாகிப் படுக்கையில் செத்தாள். அவளாக இருந்துவிட்டுப் போகலாம்.

ஓவியர் ஹினேஸ் விட்டுப்போயிருந்த பலகையில் சாயங்கள் ஈரமாகவே இருந்தன. ஒற்றை மெழுகுவர்த்தி. வெளியே மழை. பழம் விழும் சத்தம்.

முதலில் ரோஜாக்கள். பழகிய கை அதுவாகவே போட்டது, ஒரு சுழி, அதன் மேல் ஒரு சுழி. மூன்று பூவில் தட்டின் ஒரு பாதி மறைந்தது. அந்த இரண்டு உருண்டைகள் மட்டும் நின்றன. எவ்வளவு பூசினாலும் வட்டம் தெரிந்தது. அவற்றை வட்டமாகவே விட்டுவிட்டுச் சிவப்பும் மஞ்சளும் ஏற்றினாள், நுனியைக் காம்பாக்கினாள். ஆப்பிள்கள். இரண்டு மட்டும் இருந்தால் பார்க்கிறவர்களுக்கு மறுபடி அதுவே தோன்றும். அருகில் மூன்றாவது ஒன்றை வைத்தாள்.

பின்வாங்கிப் பார்த்தாள். அழகாக இருந்தது. படத்திலிருந்தவள்கூட மூச்சு விட்டதுபோலிருந்தது.

அப்போதுதான் கவனித்தாள். கையை எடுக்கும்போது சட்டையின் நுனி உரசியிருக்கிறது. படத்தின் கழுத்தில், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை, சிவப்புச் சாயத்தின் ஒரு கோடு.

துணியில் எண்ணெய் தொட்டு மெல்ல ஒற்றினாள். குழந்தையின் கன்னத்தைத் துடைப்பதுபோல. மங்கியது. நூலிழைபோல நின்றுவிட்டது. அதற்குமேல் தேய்க்கப் பயமாக இருந்தது. கீழே புரூனோ அழ ஆரம்பித்தான். ஓடினாள். மார்பில் வாய்வைத்த கணமே பால் சுரந்தது, இரண்டு பக்கமும், சட்டை நனைய, குழந்தைக்குப் புரையேறும் அளவுக்கு. அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். வெதுவெதுப்பான, இனிப்பு வாசம் வீசும் பால். பால் கொடுக்க ஏற்பாடு செய்திருந்தவள் வந்தபோது வாசலிலேயே திருப்பி அனுப்பினாள்.

கண்ணாடியில் பார்த்தபோது கழுத்தில் ஒரு சிவந்த கோடு. பவளமாலை அழுந்திய தடம்தான் என்று சொல்லிக்கொண்டாள். அவள் இரவில் மாலை போடுவதில்லை.

வெள்ளத்தால் ஓவியர் அன்று வரவில்லை. தெல்லோ மத்தியானம் மாடிக்குப் போனான். அவன் கத்துவான் என்று அவள் படிக்கட்டின் கீழே குழந்தையை அணைத்துக்கொண்டு நின்றிருந்தாள். மேலே கேட்டது சிரிப்பு. அதே நல்ல சிரிப்பு, படி படியாக இறங்கி வந்தது.

"ஓடு வரையற கை சும்மா இருக்குமா! பிப்ரவரியில ரோஜா, ஆப்பிள்! எந்தத் தோட்டத்துலம்மா இப்படிப் பூக்குது?" அவள் கன்னத்தைத் தட்டினான். "அங்கே போய்ச் சேர்ந்ததும் எனக்கும் ஒரு கூடை அனுப்பி வை."

"கோபமில்லையா?"

"எதுக்குக் கோபம்? நான் குடுத்ததை நீ மாத்திக்கிட்ட. உன் இஷ்டம்தானே."

*

சாயங்காலம் வியோலாந்தேயிடம் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது. ஓரகத்தி அவள் கையை முகர்ந்து பார்த்தாள்.

"எண்ணெய் நாத்தம். என்ன வரைஞ்ச?"

"கசில்தா, அக்கா. தட்டு நிறைய ரோஜா."

"தட்டுலயா?" ஜெபமாலை நின்றது. "கசில்தாவுக்கு ஏதுடி தட்டு? அவ ரோஜா மடியிலதானே இருக்கும்."

"தட்டு ஏற்கெனவே இருந்துச்சே. அதுல போட்டேன்."

"வெறும் ரோஜாதானே?"

"மூணு ரோஜா. மூணு ஆப்பிள். அந்த உருண்டையை மறைக்க வேற வழி தெரியல."

வியோலாந்தே அவள் கையை விட்டுவிட்டாள். மழை பெய்தது. எங்கோ ஒரு பழம் விழுந்தது.

"மூணு ரோஜா, மூணு ஆப்பிள்," என்றாள் மெதுவாக. "குயவன் மகளே, உங்க ஊர் ஓட்டுல தொரொத்தேயாவை வரையறதில்லையா?"

அந்தப் பெயர் கோயிலில் எப்போதோ கேட்டதுதான். கதை நினைவில்லை.

"கொலைக்களத்துக்குக் கூட்டிட்டுப் போறாங்க அவளை. வழியில ஒருத்தன் கேலி பண்றான். உன் மணவாளன் தோட்டத்துக்குத்தானே போற, அங்கேருந்து எனக்கும் பூவும் பழமும் அனுப்புன்னு. பனிக்காலம். பூ ஏது, பழம் ஏது. வெட்டினாங்க. கொஞ்ச நேரத்துல ஒரு சின்னக் குழந்தை அவன்கிட்ட வருது, கையில கூடை. மூணு ரோஜா, மூணு ஆப்பிள்."

லியோக்காடியாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"உன் புருஷன் பாத்தானா? பாத்துட்டு என்ன சொன்னான்?"

"எனக்கும் ஒரு கூடை அனுப்பி வைன்னார்." வியோலாந்தேவுக்குப் புரிந்துவிட்டது. தொண்டைக்குள் வறண்டு ஒரு சிரிப்புச் சிரித்தாள்.

"ஆகத்தாவா இருந்திருந்தா உயிரோடயாவது இருந்திருப்ப, தங்கச்சி. என்னைப் போல. அத்தையைப் போல."

"அவ திருநாள் எப்போ?"

"ஆகத்தாவுக்கு அடுத்த நாள்."

நாளை.

மாடிக்கு ஓடினாள். துணி, எண்ணெய், கத்தி. எண்ணெய்ச்சாயம் காய வாரக்கணக்காகும் என்று ஓவியர் சொல்லியிருந்தார். விரலை வைத்தாள். கல்போல, சூளையில் சுட்டெடுத்த ஓட்டைப்போலக் காய்ந்திருந்தது. துணி வழுக்கியது. கத்தியை எடுத்தாள். வியோலாந்தேயின் தழும்பு விரல்நுனியில் நினைவு வந்தது. கத்தியைக் கீழே வைத்தாள்.

கழுத்துக் கோடு மட்டும் ஈரமாக இருந்தது. காலையில் இருந்ததைவிடச் சற்றுத் தடித்து.

*

மறுநாள் மழை விட்டிருந்தது.

அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. இத்தனை நாள் காதில் இருந்த இரைச்சல் நின்றதும் வீட்டின் ஒவ்வொரு சத்தமும் தனியாகக் கேட்டது: சமையலறையில் உரல், கரி வெடிக்கும் சத்தம், மாமியாரின் ஈறுகள். காலையிலிருந்து அவள் கத்தி, கண்ணாடி, கயிறு எதன் அருகிலும் போகவில்லை. ஜன்னலோரம் நிற்கவில்லை. படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். கழுத்தில் உயரமான லேஸ் பட்டை கட்டியிருந்தாள். அது இறுக்கமாக இருந்தது, ஆனால் தளர்த்தினால் ஏதோ நழுவிவிடும்போல் இருந்தது.

பொழுது சாயட்டும். அவ்வளவுதான். இந்த ஒரு பகல் கழியட்டும்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவள் மேசைக்கு வரவில்லை. கணப்பருகே தாழ்ந்த நாற்காலியில், சால்வைக்குள் புரூனோவுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். கொடுக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும். தெல்லோ யாரையோ எதிர்பார்ப்பதுபோல முற்றத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கதவு தட்டற சத்தம்," என்றாள் வியோலாந்தே.

யாருக்கும் கேட்கவில்லை.

"தட்டுது. சின்னக் கை."

வேலைக்காரி போய்த் திறந்தாள். கல்தரையில் ஈரக் காலடிகள். வெறுங்கால். ஒரு குழந்தை, நான்கு வயது இருக்கும். யாருடைய பிள்ளை என்று தெரியவில்லை. ஆறு பெருகிய நகரத்தில் அதன் பாதத்தில் ஒரு துளி சேறில்லை. கையில் கூடை.

குழந்தை யாரையும் பார்க்கவில்லை. நேராகத் தெல்லோவிடம் போனது. கூடையை அவன் தட்டின் அருகில் வைத்தது.

ரோஜா வாசம். அறை முழுக்க. ஜூன் மாத வாசம்.

"நீங்க கேட்டீங்களாம்," என்றது குழந்தை.

தெல்லோ சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு வரவில்லை. கூடைக்குள் பார்த்தான். பிறகு, மெல்ல, கணப்பின் பக்கம் திரும்பினான். மாமியாரும் திரும்பினாள். வேலைக்காரி கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எல்லோரும் ஏன் இப்படிப் பார்க்கிறார்கள்?

எனக்கு ஒன்றுமில்லை என்று சொல்லப் பார்த்தாள். குரல் வரவில்லை. நான் இங்கேதான் இருக்கிறேன். வலியில்லை. யாரும் தொடவில்லை. லேஸ் பட்டைக்குள் மட்டும் ஏதோ வெதுவெதுப்பாக. பால்போல. பால் இல்லை.

தொரொத்தேயா பூ அனுப்பியது பிறகுதான். வெட்டிய பிறகுதான்.

"லியோக்கா, அசையாதே," என்றான் தெல்லோ. முதல்முறையாக அவன் குரல் நடுங்கியது.

மடியில் புரூனோ இருக்கிறானா என்று பார்க்க அவள் தலையைக் குனிந்தாள்.

தலை குனிந்துகொண்டே போனது.

கரியின் சூடு கன்னத்தில் பட்டது. தரையின் நீல ஓடுகள், அப்பாவின் சூளையில் சுட்டவை, கண்ணுக்கு வெகு அருகில். கீழேயிருந்து அவள் பார்த்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த செம்பட்டு. குழந்தையை விடாமல் அணைத்திருந்த இரண்டு கைகள்.

புரூனோ இன்னும் குடித்துக்கொண்டிருந்தான்.